பிளாஸ்டிக் புல்லும் ரயில்பூச்சியும்

மூன்று வயசுப் பிள்ளைகளை மேய்ப்பது சுலபம், அவர்களைப் பெற்றவர்களைச் சமாளிப்பதுதான் நிஜமான உத்தியோகம் என்று மழலையர் பள்ளியில் வேலை பார்க்கும் என் சக பாவாத்மாக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு வேப்பமரமும் கொஞ்சம் மண்ணும் உண்டு. தினமும் பிள்ளைகளை அங்கே அவிழ்த்துவிடுவேன். இன்னொரு புகார் வந்தால் அந்த மண்ணின்மேல் பிளாஸ்டிக் புல் விரித்துவிடுவதாகத் தாளாளர் அம்மா எச்சரித்திருந்தார்.

ரயில்பூச்சி

ஒரு நாள் ரயில்பூச்சி ஒன்று ஊர்ந்து வந்தது. சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்காத பையன் ஒருத்தன், அதன் பின்னாலேயே தவழ்ந்து போய், "எங்க போற?" என்று கேட்டுவிட்டான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சாயங்காலம் அவன் அம்மா வந்தார்.

"ஏனுங்க மிஸ், படத்துல பூச்சி பளிச்சுனு உழுந்திருக்குதுங்க, எங்க தம்பி மூஞ்சிதான் தெரியலீங்க."

மழை

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மழை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பிள்ளைகளே இலையை மிதக்கவிட்டுக் கண்டுபிடித்தார்கள். நனைந்த மகனைத் துவட்டிக்கொண்டே ஒரு அப்பா சொன்னார்:

"நல்லதுதானுங்க. மழை வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடியே குரூப்புல போட்டுட்டீங்கன்னா ரெயின்கோட் குடுத்துடுவோமுங்க."

சாணி

கேட் திறந்திருந்த நேரம் பார்த்து ஒரு மாடு நுழைந்து, மரத்தடியில் சாணி போட்டுவிட்டு நிதானமாகப் போனது. ஒரு குட்டி அம்மணி விரலை விட்டுப் பார்த்து, "சூடா இருக்குது மிஸ்" என்றாள். அவ்வளவுதான், தொட்டுப் பார்க்க வரிசையே நின்றுவிட்டது. என் எந்தப் பாடத்துக்கும் அப்படி நின்றதில்லை.

அவள் அப்பா காங்கேயத்துக்காரர். காரின் பின்கண்ணாடி முழுக்கக் காங்கேயம் காளை ஸ்டிக்கர். விஷயம் தெரிந்ததும் நேராகத் தாளாளர் அறைக்குப் போய்விட்டார். சமாதானம் சொல்லப் போன என்னிடம் மரியாதையாகவே சொன்னார்:

"எங்க தோட்டத்துல இல்லாத மாடுங்களா? அதுக கிட்டயே போகக்கூடாதுன்னுதானுங்க பாப்பாவ இங்க சேத்துனோம்."

பச்சைப் பசேல்

அடுத்த வாரமே மண்ணைப் பிளாஸ்டிக் புல் மூடிக்கொண்டது. பிள்ளைகள் புல்லில் கொஞ்சம் உருண்டார்கள். பிறகு தேடுவதற்கு ஒன்றுமில்லாமல், உள்ளே போகலாம் என்று என் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

அப்புறம்தான் கூத்து. வேறொரு பள்ளியில் 'மண் விளையாட்டு' வகுப்பு நடக்கிறதாம். நம் பள்ளியில் ஏன் இல்லை என்று அதே காங்கேயத்துக்காரர் குழுவில் கொதித்தார். கொதித்ததோடு விடாமல், ஒரு சனிக்கிழமை மூட்டையோடு வந்து, புல்லின்மேல் பெரிய தொட்டி வைத்துக் கொட்டினார்.

"எங்க தோட்டத்துச் செம்மண்ணுங்க மிஸ். சலிச்சு, வெயில்ல காயப்போட்டுக் கொண்டாந்திருக்கறேன், பூச்சி பொட்டு ஒண்ணும் இருக்காதுங்க."

கீழே மண், அதன்மேல் பிளாஸ்டிக் புல், அதன்மேல் தொட்டியில் மண் என்று எங்கள் பள்ளியில் இயற்கைக் கல்வி இப்போது ஒரு மாடி உயர்ந்திருக்கிறது.