தொப்பூர்க் கணவாயும் அப்பாவின் காக்கிக் கோட்டும்

தருமபுரியிலிருந்து தொப்பூர் பதினைந்து மைல். போய்வர முப்பது. என் அப்பா ஐம்பத்தைந்து வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டு, ஐந்தாவது மாதத்தில் இந்த முப்பது மைலையும் ஒரே நாளில் போய்வந்தார். தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அது. நான் பஸ்ஸில் பின்னாலேயே போனேன். அந்த வழியில் சைக்கிளில் போக நினைப்பவர்களுக்கும், போகிறவரைப் பற்றி வீட்டில் கவலையோடு இருப்பவர்களுக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன்.

அப்பா கோர்ட்டில் சம்மன் கொடுக்கும் சேவகராக இருந்தவர். ஊர்க்காரர்கள் வாயில் ‘அமீனா’. முப்பது வருஷம் கால்நடையாகவே கிராமம் கிராமமாகப் போய்க் காகிதம் கொடுத்தார். அந்தச் சம்பளத்தில்தான் என்னைச் சென்னையில் தங்கவைத்து பி.ஏ. வரை படிக்கவைத்தார். எங்கள் வகையறாவில் அதற்கு முன் கல்லூரி வாசலை யாரும் மிதித்ததில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம், மாற்றலாகிப் போன ஓர் ஓவர்சியரிடம் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். எதற்கு என்று அம்மா கேட்டாள். “சும்மா போறதுக்கு” என்றார்.

ஏரிக்கரையில் இரண்டு வாரம் பழகினார். ஓடிக்கொண்டே தாவி ஏறுவது மட்டும் அவருக்கு வரவில்லை. மைல்கல் மேல் இடது காலை வைத்து ஏறிக்கொள்வார். இறங்குவதென்றாலும் அடுத்த மைல்கல்லில்தான். ஆகவே அப்பாவின் சவாரியில் ஒரு மைலுக்குக் குறைந்து எங்கேயும் நிற்பது என்பதே கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

ஐப்பசியில் ஒரு நாள் முழங்கால் ரத்தத்தோடு வீடு வந்தார். ஏற்றத்தில் மிதித்தபோது தலை சுற்றியதாம். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, இதயத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை, ஆனாலும் ஏற்றத்தில் மிதிக்க வேண்டாம், இறங்கித் தள்ளினால் போதும் என்றார். அம்மாவுக்கு அது போதவில்லை. சைக்கிளை அரூரில் இருக்கும் தன் தம்பிக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னாள். மாமா அதற்குள் காற்றடிக்கிற பம்பு ஒன்று வாங்கி வைத்துவிட்டாராம்.

அப்பா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். பேச்சையும் குறைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அம்மாவே இறங்கிவந்தாள்.

“மழ முடியட்டும், தொப்பூர்க் கணவாய் எறங்கி ஏறி வாங்க. எறக்கத்துல பின்னால கட்டை கட்டணும். ஏத்தத்துல எறங்கித் தள்ளணும். பாப்பா கூடப் போயி கண்ணால பாத்துட்டு வந்து சொல்லட்டும். ஒண்ணு தப்புனாலும் சைக்கிள் அரூருக்குப் போயிரும்.”

“சாட்சி வேற வச்சிட்டியா?” என்றார் அப்பா, என்னைக் காட்டி.

“உங்கள முப்பது வருசமாப் பாக்கறவ நானு.”

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு ஏற்பட்ட பிறகு எங்கள் பக்கத்துப் பஸ்கள் கரியில் ஓடுகின்றன. வண்டியின் பின்புறம் ஆளுயர இரும்புப் பீப்பாய் ஒன்று. அதில் அடுப்புக்கரி புகைந்து வரும் வாயுவில்தான் எஞ்சின் நகரும். ஆறரை மணி பஸ் என்றால், கரி பிடித்துப் புறப்பட ஏழே கால் ஆகும். தொப்பூருக்குக் கட்டணம் ஆறணா. அப்பா ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார். பழைய காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். அதில் ஐந்து பை இருக்கிறது, சாமான் வைத்துக்கொள்ள வசதி என்பார்.

பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னாலிருந்த பெண்கள் பலகையில் உட்கார்ந்தேன். நல்லம்பள்ளி தாண்டி ஒரு மைல்கல்லில் அப்பா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பக்கத்தில் கூடையோடு இருந்த அம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“அமீனா பாரு, இப்ப சைக்கிள்ல கிளம்பிட்டாரு. இன்னைக்கு எவன் வூட்டுக்கோ.”

“ஞாயித்துக்கெழமகூட வுடமாட்டாங்களா?” என்றாள் இன்னொருத்தி.

அவர் என் அப்பா, சும்மாதான் போகிறார் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்நியர்கள் முன்னால் பேச்சு வராது. கல்லூரியில் நான்கு வருஷமும் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்கினவள் நான். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே பார்த்தேன். அப்பா எதிர்ப்படும் இடங்களில் சிலர் வேலிக்குப் பின்னால் நகர்ந்துகொள்வதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். வேலை முடிந்தால் அதுவும் முடிந்துவிடும் என்று ஏனோ நினைத்திருந்தேன்.

அதற்கடுத்த ஊரில் பஸ் கரி போட்டுக்கொள்ள நின்றது. அரை மணி. அப்பா மணியடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்.

மற்றப் பெண்கள் கீழே இறங்கி நின்றிருந்தார்கள். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “உங்கப்பாருங்களா? பேசாம அவரப் பஸ்ஸுல ஏறிக்கச் சொல்லும்மா. வண்டி தள்ள எங்களுக்கு ஒரு ஆளு கொறையுது.”

கணவாய் பதினோராவது மைலுக்கு மேல் தொடங்குகிறது. மூன்று மைல் வளைந்து வளைந்து இறக்கம்தான். ஒரு பக்கம் பாறையும் முட்செடியும், இன்னொரு பக்கம் பள்ளம். பாரவண்டிக்காரர்கள் இங்கே சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து இறக்குவார்கள். அதைப் பார்த்துத்தான் அப்பாவுக்கும் யோசனை வந்தது. சைக்கிள் கேரியரில் கயிற்றைக் கட்டி, இலையோடு கூடிய கனமான கிளையொன்றைத் தரையில் இழுபடவிட்டால் வேகம் பிடிக்காது. பிரேக் கட்டைகளை மட்டும் நம்பினால் பாதி வழியிலேயே தேய்ந்துவிடும். இந்தக் காலத்தில் புதிது கிடைப்பதும் கஷ்டம்.

நான் தொப்பூரில் இறங்கியபோது மணி எட்டு ஐம்பது. சாட்சிக்கு முன்னாலேயே கட்சிக்காரர் வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் இறங்கியதை நான் பார்க்கவில்லை. ஆனால் கேரியரில் கட்டிய புங்கங்கிளை ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்து, உள்மரம் வெள்ளையாகத் தெரிந்தது. அது போதும் என்று நினைத்தேன். நாலு இட்லியும் காப்பியும் சேர்த்து இரண்டணா. சட்னி நன்றாக இருந்தது.

ஒன்பதரைக்கு அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏற்றத்தில் புறப்பட்டார். சேலத்திலிருந்து திரும்பும் பஸ் பத்து மணிக்கு வர வேண்டியது, பத்து நாற்பதுக்கு வந்தது. கணவாயில் ஒரு மைல் ஏறுவதற்குள் பெருமூச்சுவிட்டு நின்றுவிட்டது. கண்டக்டர் எல்லாரையும் இறங்கச் சொன்னார். பீப்பாயைக் கிளறி, தணல் பிடிக்கக் காற்றுச் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார்கள். எப்படியும் அரை மணி ஆகும் என்று தெரிந்ததால் நான் முன்னால் நடந்தேன்.

இரண்டாவது வளைவில் சைக்கிள் கிடந்தது.

சாத்திவைத்தது அல்ல. சாலையோரச் சரளையில் சாய்ந்து கிடந்தது. முன்சக்கரம் பள்ளத்துப் பக்கம் திரும்பியிருந்தது. கைப்பிடியில் மாட்டியிருந்த துண்டு கீழே மண்ணில் விழுந்திருந்தது. சுற்றிலும் பார்த்தேன். மைல்கல் இல்லை. முந்தின மைல்கல்லைத் தாண்டிக் கால் மைல் வந்திருந்தேன். அடுத்தது கண்ணுக்கே எட்டவில்லை. தள்ளிக்கொண்டு போகும்போதும் அப்பா கல் இல்லாத இடத்தில் நிற்கவே மாட்டார். சைக்கிளைக் கீழே போடவும் மாட்டார். வீட்டில் கோணி விரித்து அதன்மேல் நிறுத்துகிறவர்.

பள்ளத்தின் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தேன். முட்செடிகள் கலைந்திருக்கவில்லை. ஏற்றத்தில் மிதித்திருப்பாரோ, தலை சுற்றியிருக்குமோ, யாராவது வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருப்பார்களோ என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றியது. கீழ் வளைவில் நின்ற பஸ்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் “அப்பா” என்று கத்தினேன். என் குரலுக்கு அவ்வளவு சத்தம் உண்டு என்று எனக்கே தெரியாது. பாறையில் மோதித் திரும்பி வந்தது. மறுபடியும் கத்தினேன்.

“ஏன் பாப்பா? இங்கதான் இருக்கேன்.”

குரல் மேலேயிருந்து வந்தது. சாலைக்கு இந்தப் பக்கம், பாறைகளுக்கு மேலே, ஒரு பனை உயரத்தில் அப்பா நின்றிருந்தார். அவருக்கு இன்னும் மேலே, ஒரு கல்லின் உச்சியில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவிழ்ந்த தலைப்பாகையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். சைக்கிள் பக்கத்திலேயே சரளையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர்கள் பேசுவது காதில் ஏறியது.

“உன் பேர்ல ஒண்ணுமில்ல முனியப்பா. எறங்கி வாய்யா.”

“அன்னைக்கும் இப்டித்தானுங்க சொன்னீங்க.”

“எந்த அன்னைக்கு?”

“எங்க கெணத்துமேட்டுல வந்து, ‘சும்மா இந்தப் பக்கம் வந்தேன், ஒரு வாய் தண்ணி குடு’ன்னீங்க. தண்ணி குடிச்சிட்டு, சொம்பத் திருப்பிக் குடுக்கறப்ப கூடவே காயிதத்தையும் வச்சிட்டீங்க. ஏழு வருசம் அலைஞ்சனுங்க பங்காளியோட.”

அப்பா அப்படிச் செய்திருப்பார். காகிதம் கொடுக்காமல் திரும்பினால் மறுபடியும் அத்தனை தூரம் நடக்க வேண்டும். பிறகு ஒன்று செய்தார். கோட்டைக் கழற்றி, பைகள் ஒவ்வொன்றையும் உள்வெளியாக இழுத்துக் காட்டினார். திருப்புளி விழுந்தது. பங்க்சர் ஒட்டும் ரப்பர்த் துண்டுகள், வால்வுக் குழாய், புளி உருண்டை ஒன்று, அம்மா கொடுத்த திருநீற்றுப் பொட்டலம். அவ்வளவுதான்.

“பாத்துக்க. வேலையே முடிஞ்சி போச்சுய்யா எனக்கு.”

முனியப்பன் நம்பாமல் இறங்கி வந்தார். கோட்டை வாங்கித் தானும் ஒரு முறை உதறிப் பார்த்தார். பிறகு பாறைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். மலையடிவாரத்தில் விளக்குமாற்றுப் புல் அறுத்துக்கொண்டிருந்தவர், காக்கியைக் கண்டதும் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். பாறையில் விழுந்துவிடுவாரோ என்று பயந்து அப்பா சைக்கிளை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் ஓடியிருக்கிறார். துரத்தத் துரத்த அவர் இன்னும் மேலே ஏறியிருக்கிறார்.

சாலைக்கு வந்ததும் நான் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தேன். வேர்த்திருந்தது. மூச்சு சீராக இருந்தது.

“எங்க பாப்பா. பி.ஏ. படிச்சிருக்கு” என்றார்.

“தாயி, நீயாச்சும் சொல்லு. அப்ப எதுக்கு இந்தக் கணவாய்ல இதத் தள்ளிக்கிட்டு வர்றாரு?” என்றார் முனியப்பன் என்னிடம்.

“சும்மாதாங்க” என்றேன்.

“சும்மா யாராச்சும் வருவாங்களா?”

அப்பாதான் பதில் சொன்னார். “முப்பது வருசம் நடந்தேன் முனியப்பா. எந்த ரோட்டுல போனாலும் கடைசியில ஒரு வூட்டு வாசல் இருக்கும். உள்ள பொம்பளைங்க அழுவாங்க. இப்ப போறதுல கடைசியில ஒண்ணுமில்ல. அதான்.”

முனியப்பன் சைக்கிளைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாமல் சிரித்தார். பஸ்காரர்கள் வந்து என்ன என்று கேட்டதும் அவர்களுக்கும் சொல்லிச் சிரித்தார். புல்கட்டுக்கு அடியில் வைத்திருந்த கேழ்வரகுக் கூழை மூன்று பேரும் பங்கிட்டுக் குடித்தோம். அவ்வளவு ருசியாகக் கூழ் குடித்ததில்லை. பயம் விட்டுப்போன வயிறும் ஒரு காரணம். கூடைக்கார அம்மாளும் அதே பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். அவளிடம் நானாகவே போய், “அவர் எங்கப்பாங்க. ரிட்டையர் ஆகிட்டாரு” என்று சொன்னேன். “அட, அத மொதல்லியே சொல்றதில்லியா” என்றாள்.

மேட்டின் உச்சிவரை அப்பாவோடு நடந்தேன். அங்கே ஒரு மைல்கல் இருந்தது. ஏறிக்கொள்ளும்போது சொன்னார்: “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. சாட்சிக்கு அதான் அழகு.”

பின்னால் வந்த பஸ்ஸில் ஏறி நான் ஒரு மணிக்கும், சைக்கிளில் அவர் இரண்டு பத்துக்கும் வீடு சேர்ந்தோம். அவர் கை கால் கழுவித் தட்டின் முன் உட்காரும்வரை அம்மா காத்திருந்தாள்.

“எறக்கத்துல கட்டை கட்டினாரா?”

“கட்டினாரு. தேஞ்சிருந்தத பாத்தேன்.”

“ஏத்தத்துல மிதிச்சாரா?”

“இல்லம்மா. தள்ளினாரு.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“வேற?” என்றாள் அம்மா.

இந்தக் கேள்விக்கு அப்பா என்னைத் தயார் செய்யவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சைக்கிள் கிடந்தது, நான் கத்தியது, பாறை, பைகளைக் காட்டியது, கூழ். நான் முடித்ததும் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அந்தப் பாறையில ஓடி ஏறுனாரே, மூச்சு வாங்குச்சா?”

“முனியப்பனுக்குத்தான் வாங்குச்சு.”

அம்மா எழுந்து போய், ஆணியில் மாட்டியிருந்த காக்கிக் கோட்டை எடுத்தாள். மடித்து, மாமாவுக்கு என்று வைத்திருந்த பையில் போட்டாள்.

“சைக்கிள் இருக்கட்டும். இது அரூருக்குப் போவட்டும்.”

அப்பா தட்டில் இரண்டாம் முறை சோறு கேட்டார்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. காலை ஆறு மணிக்குள் புறப்படுங்கள். ஒன்பதுக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும். நல்லம்பள்ளிக்கு அப்புறம் தொப்பூர் வரை நல்ல தண்ணீருக்கு உத்தரவாதம் இல்லை. கட்டுகிற கிளை பச்சையாக, கை கனத்துக்கு இருக்க வேண்டும். கயிறு இரண்டு முழம் போதும், நீளமானால் சக்கரத்தில் மாட்டும். பஸ்ஸை நம்பிக் கூடப் போகிறவர்கள் நடப்பதற்கும் தயாராகப் போங்கள். ஐம்பது வயதுக்கு மேல் கற்றுக்கொள்கிறவர்கள் மைல்கல்லில் ஏறி இறங்க வெட்கப்பட வேண்டாம்.

காக்கி மட்டும் போடாதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வெள்ளைச் சட்டையோடு அதே கணவாய்க்குப் போய்வந்தார். கேரியரில் ஒரு கட்டு விளக்குமாற்றுப் புல் இருந்தது. முனியப்பன் சாலைக்கே வந்து கட்டிவிட்டாராம். இறக்கத்தில் மறுபடி சைக்கிளில் ஏறும்போது, அங்கே மைல்கல் இல்லாததால், அவரே தோள் கொடுத்தாராம்.