அண்ணையின் பையைத் திறக்காததால் தவறிய பறவை

போன ஜூலையில் பத்து நாள் லீவு போட்டு, ஷெட்லாந்துப் பக்கம் ஒரு சின்னத் தீவுக்குக் கடற்பறவை கண்காணிக்கும் தொண்டராகப் போனேன். காரணம் ஒரேயொரு கில்லிமாட். கறுப்பு வெள்ளைக் கடற்பறவை. அதற்கு முந்தைய கோடையில் நான் பிடித்துக்கொடுக்க, தீவின் ஆய்வாளர் மோரக் அதன் காலில் சின்னக் கருவியொன்றை மாட்டினா. குளிர்காலம் முழுக்க அது எங்கே அலைந்தது என்பது அந்தக் கருவிக்குள்தான் இருக்கும். பறவையைத் திரும்பப் பிடித்தால்தான் தகவல். குஞ்சு கடலில் குதித்ததும் தகப்பனும் கூடவே போய்விடும். எங்கள் ஆள் தகப்பன்.

மிச்சம் என்ற ஊரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் அண்ணை தானும் வாறன் என்று நின்றார். கிங்ஸ் குரொஸில் காலை 10 மணி ரயில், ஆளுக்கு 92 பவுண்ஸ். ஏழு மணித்தியாலத்துக்கு மேல் அபர்டீன். மாலை 7 மணிக் கப்பல், மறுநாள் காலை 7.30க்கு லேர்விக் துறைமுகம், அங்கிருந்து தீவுக்குச் சின்னப் படகு. வழி முழுக்க அண்ணை ரயில் தேத்தண்ணியைத் திட்டிக்கொண்டு வந்தார்.

தீவில் எலி கிடையாது. ஒன்று இறங்கினாலும் முட்டையும் குஞ்சும் தப்பாது. அதனால் எல்லாப் பையையும் கொட்டிப் பார்த்தேன் என்று படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். என் பையைக் கொட்டினேன். அண்ணை என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், அவர் பைக்குள் கைவிடுவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். இருவருக்கும் நானே கையெழுத்துப் போட்டேன்.

லேர்விக் இறங்குதுறையில் தீவுப் படகுக்காரர் அண்ணையின் பையைத் திறந்தார். கடைக் களஞ்சியத்திலிருந்து பத்துக் கிலோ சிவப்பரிசி. அரிசிப் பையின் மூலையில் ஓட்டை, அரிசிக்குள் எலிப்புழுக்கை. எல்லாவற்றையும் கழுவிப் பரிசோதிப்பதற்குள் படகு போய்விட்டது. மறுநாள் காற்று, படகு ஓடவில்லை. அதற்கடுத்த நாளும் காற்று.

“சோறில்லாமல் பத்து நாள் எப்பிடி ஏலும்? உனக்கும் சேர்த்துத்தான் கொண்டுவந்தனான்,” என்றார் அண்ணை. நான் எரிச்சலோடு படகுக்காரருக்கு மறுபடி போன் போட்டேன்.

நாலாம் நாள் தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம். மோரக் தொலைநோக்கியை என் பக்கம் தள்ளினா. பாறை விளிம்பு வெறுமையாக இருந்தது. முந்தின நாள் மாலை குஞ்சு குதித்ததாம், தகப்பனும் பின்னாலேயே. பாறையில் இறங்கிப் பிடிக்க ஒருவர், மேலே கயிறு பிடிக்க ஒருவர் வேண்டும். அந்த இருவரில் ஒருவரான நான் லேர்விக்கில் அரிசிக்குக் காவல் இருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் நடுவில் போங்கள். காற்றுக்கென்று இரண்டு நாள் கூடுதலாக வையுங்கள். சாப்பாட்டை மூடிய டப்பாவில் கொண்டுபோங்கள். கூட வருபவர் யாராக இருந்தாலும் அவர் பையையும் நீங்களே கொட்டிப் பாருங்கள், முகம் கோணினாலும் பரவாயில்லை.

திரும்பும் படகில் அண்ணை கேட்டார், “அடுத்த வருஷம் அது வருமோ?”

“அது வரும் அண்ணை. உங்கட பைக்குப் பொய்க் கையெழுத்துப் போட்ட என்னைக் கூப்பிடுவினமோ தெரியாது,” என்றேன். என் வாழ்நாளில் அவருக்கு முகத்துக்கு நேரே நான் கோபமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.