புயற்கதையும் தங்கச்சியும்

பெரியம்மா மிஷன் கோயிலில் ஊழியக்காரி. பின்னேரங்களில் வீடு வீடாகப் போய், வேதப்படங்கள் ஒட்டிய நீளச் சுருளைச் சுவரில் தொங்கவிட்டு, பெண்களுக்கு இயேசுவின் கதை சொல்வார். கூடப் போகிற பிள்ளைக்குச் சுருளைத் தூக்கக் கிடைக்கும், ஒரு கதை சொல்லவும் கிடைக்கும்.

அந்தப் பிள்ளை நானாகத்தான் இருந்தேன். ஞாயிறு பள்ளியில் கதைக்குப் பரிசு வாங்கியவள் நான். புயலென்றால் ஊதுவேன், சிங்கமென்றால் உறுமுவேன். என்னைவிட இரண்டு வயது இளைய தங்கச்சியோ வாயில் கொழுக்கட்டை வைத்திருக்கிறவள் மாதிரி இருப்பாள். அப்படியிருந்தும், திருகோணமலைத் துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு, பெரியம்மா அவளைக் கூட்டிப்போகத் தொடங்கினார். ஏன் என்று கேட்டேன்.

"அவள் நல்லாக் கேப்பாள் பிள்ளை."

கதை சொல்லப் போகிற இடத்தில் கேட்கிறவளுக்கு என்ன வேலை? எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அவளுடைய பாயில் தண்ணீரைக்கூட ஊற்றினேன்.

ஒருநாள் பெரியம்மா காய்ச்சலில் படுத்துவிட்டார். தங்கச்சி தலை சீவி முடிக்குமுன் நான் சுருளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அடுத்த தெருவில் ஒரு இளம் பெண் இருந்தாள். குண்டு போட்ட காலையில் கப்பலில் சாமான் இறக்கப் போன அவள் புருஷன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அயலெல்லாம் நிலாவெளிப் பக்கம் ஓடியும் அவள் அசையவில்லை. "மனுசன் வந்தால் ஆர் கதவு திறக்கிறது?" என்பாள். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் நான் எடுத்தது புயற்கதையை. எனக்கு நன்றாக வருவது அதுதானே!

படகு ஆட, சீடர்கள் அலற, ஆண்டவர் அதட்டக் கடல் அடங்கியது. நான் வியர்த்துப்போனேன்.

"வள்ளத்தில இருந்த எல்லாரும் தப்பினவையோ?" என்று கேட்டாள்.

"ஓம்! ஒருத்தரும் சாகேல்லை."

அவள் எழுந்து குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள். கதையில் அசந்துபோனாள் என்றே நினைத்தேன்.

தங்கச்சி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். என்னைப் பார்க்கவேயில்லை. குசினி வாசலில் போய்க் குந்தினாள்.

"அக்கா, அத்தானுக்கு என்ன கறி விருப்பம்?"

வேறொன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண் சூடை மீன் சொதியில் தொடங்கினாள். விளக்கு வைக்கும்வரை நிறுத்தவில்லை. அழுதாள், நடுவில் ஒருதரம் சிரித்தாள். தங்கச்சி "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள். நான் சுருளைச் சுற்றுவதும் விரிப்பதுமாக நின்றேன். புறப்படும்போது அவள் தங்கச்சியைக் கேட்டாள்: "உங்கட ஆண்டவர் இதையெல்லாம் இருந்து கேப்பாரோ?"

"ஓம் அக்கா."

வீட்டில் பெரியம்மா தங்கச்சியிடம் என்ன கதை சொன்னாய் என்று விசாரித்தார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை. அவதான் சொன்னவ."

அப்பாடா! மாட்டிக்கொண்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். "நான் புயற்கதை முழுக்கச் சொன்னனான்!" என்று துள்ளினேன். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். காய்ச்சல்தான் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண் கோயிலுக்கு வந்தாள். என் கதைதான் அவளை இழுத்து வந்ததென்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். ஒன்று மட்டும்தான் எனக்குப் பிடிபடவில்லை. கதை சொன்னவள் நான் இங்கே இருக்க, ஆராதனை முடியும்வரை அவள் ஏன் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்?