யூரியாக் கையோடை முருகனைக் கூப்பிட்டன்

வைகாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். கனடாவிலையிருந்து மகள் போன் எடுத்தாள். "அப்பா, வெங்காயம் எப்பிடி?" எண்டு கேட்டாள். நான் வெங்காயத்தைப் பற்றி ஒரு பாட்டம் சொல்லி முடிச்சன். அங்காலை ஒரு விம்மல். பிள்ளை அழுறாள்.

அவளுக்குத் தலைக்குள்ளை, கண் நரம்புக்குக் கிட்ட ஒரு கட்டி. பக்கவாட்டுப் பார்வை குறைஞ்சு கொண்டு வந்திருக்கு. எனக்குச் சொல்லாமல் மூண்டு மாதம் மறைச்சுப்போட்டாள். வாற வியாழக்கிழமை காலமை சத்திரசிகிச்சை. கட்டியை எடுக்கலாம், பார்வைக்கு மட்டும் பொறுப்புச் சொல்லேலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். முழுசாப் போனாலும் போகலாமாம்.

"அப்பா, உங்கடை முகத்தை ஒருக்காப் பாத்திட்டு உள்ளை போகவேணும் போலை கிடக்கு" எண்டாள்.

அவ்வளவுதான் கேட்டவள். அவளுக்கு ஒன்பது வயசா இருக்கேக்கை தாய் வருத்தம் வந்து செத்துப்போனாள். பேந்து நான்தான் எல்லாம். எனக்கு ரெண்டு பின்னல் நேரா வராது. ஒண்டு காதுக்கு மேலை, மற்றது பிடரியிலை. அந்தக் கோலத்தோடை பள்ளிக்கூடம் போய் வந்த பிள்ளை ஒருநாளும் என்னிலை குறை சொன்னதில்லை. கேளாத பிள்ளை கேட்டால் எப்பிடி இருக்கும்? நான் போனைக் கையிலை வைச்சுக்கொண்டு வரம்பிலை அப்பிடியே இருந்திட்டன்.

அடியார்களே, இதை வாசிக்கிற கோப்பாய் ஆக்களுக்கு என்னைத் தெரியும். நான் கோவக்காரன். மனிசிக்கு வருத்தம் எண்டு எங்கடை முருகனுக்கு நேத்தி வைச்சு, அங்கப்பிரதட்டை செய்து, முதுகுத்தோல் உரிஞ்சும் அவள் போயிட்டாள். அண்டையோடை கோயில் வாசலை மிதிக்கிறதில்லை எண்டு விட்டனான். இருபத்திரண்டு வருஷம். தேர் என்ரை ஒழுங்கையாலை வந்தாலும் படலையைச் சாத்திப்போட்டு உள்ளை இருப்பன். இதைச் சொல்ல வெக்கமாத்தான் கிடக்கு. ஆனால் சாட்சி சொல்ல வந்தவன் உள்ளதைச் சொல்லவேணும்.

விசா என்னட்டை இருந்தது. போன வருஷம் பேரனைப் பாக்க எண்டு எடுத்தது. வெங்காயம் நட்டிட்டன் எண்டு போகாமல் விட்டனான். அந்தப் புத்திகெட்ட வேலைக்கும் ஒரு பலன் இருந்திருக்கு. மருமோன் உடனை டிக்கெட் போட்டார். செவ்வாய்க்கிழமை காலமை கட்டுநாயக்காவிலை பிளேன். திங்கள் மத்தியானம் கோப்பாயிலையிருந்து எயார்போட்டுக்கு வான் வண்டி.

திங்கள் விடியக்காலமை நான் என்ன செய்தனான் தெரியுமே? வெங்காயத்துக்கு யூரியா எறியப் போனன். கூலிக்கு ஆள் இருக்கு. எண்டாலும் மற்றவன் எறிஞ்சால் ஒரு பாத்திக்குக் கூடும், மற்றதுக்குக் குறையும். எங்கடை ஊர்த் தோட்டக்காரன் செத்தவீட்டுக்குப் போறதெண்டாலும் பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறிப்போட்டுத்தான் போவான். பாஸ்போட் இருந்த தோள்பையைக் கண்ணிலையிருந்து விட மனமில்லாமல் அதையும் சைக்கிளிலை கொழுவிக்கொண்டு போனன். அதுக்கு மேலை யூரியா உரப்பை. காலிலை போட்டிருந்த செருப்போடைதான் பாத்தி முழுக்க நடந்தனான். கிணத்தடியிலை கைகாலைக் கழுவினன். செருப்பையும் பையையும் ஆர் கழுவுறது?

வெளிக்கிடேக்கை என்ரை அக்கா ஓடி வந்து ஒரு பேப்பர்ப் பொட்டலத்தைப் பைக்குள்ளை திணிச்சா. "முருகன்ரை திருநீறு. பிள்ளைக்குப் பூசிவிடு."

"எனக்கு வேண்டாம் அக்கா."

"உனக்கு ஆர் தந்தது? பிள்ளைக்குத்தான் தந்தனான். பேசாமல் கொண்டு போ."

என்னோடை அப்பிடிக் கதைக்கக்கூடிய ஆள் அவ ஒராள்தான்.

கட்டுநாயக்காவிலை பிளேனிலை ஏதோ பிழையாம், அஞ்சு மணித்தியாலம் பிந்திச்சு. வளைகுடாவிலை போய் இறங்க, கனடாப் பிளேன் போயிட்டுது. பிளேன் கொம்பனி மேசையிலை இருந்த பிள்ளை மலையாளப் பிள்ளை, தமிழ் விளங்கும். அவளிலை நான் பாய்ஞ்ச பாய்ச்சல்! "என்ரை பிள்ளைக்குக் கண் போகப் போகுது, நீங்கள் இருந்து தேத்தண்ணி குடிக்கிறியள்!" எண்டு கத்தினன். அவள் தேத்தண்ணி குடிக்கவுமில்லை. பொறுமையாத் தட்டித் தட்டிப் பாத்து, வேறை கொம்பனி ஒண்டின்ரை பிளேனிலை புதன் காலமைக்கு இடம் எடுத்துத் தந்தாள். அது புதன் பின்னேரம் கனடாவிலை இறங்கும். இதை விட்டால் அடுத்தது வியாழன்தான். வியாழன் எண்டால், நான் போய்ச் சேர முந்திப் பிள்ளையை உள்ளை கொண்டு போயிடுவினம்.

புதுப் பிளேன் துண்டைத் தரேக்கை சொன்னாள்: "அங்கிள், கடைசி நேரத்துல ஃப்ளைட் மாறினவங்களைத் தனியா ஒரு தடவை செக் பண்ணுவாங்க. வழக்கமானதுதான். பயப்படாதீங்க."

நான் ஏன் பயப்பிடப் போறன் எண்டு நினைச்சன். நாங்கள் பாக்காத செக்கிங்கே?

புதன் காலமை பிளேனுக்கு ஏறுற வாசலிலை வரிசை. எல்லாரையும் நேரை விடுகினம், என்ரை துண்டைப் பாத்திட்டு என்னை மட்டும் ஒரு பக்கத்துக்கு வரச் சொல்லிச்சினம். ஒரு இளம் ஒஃபிசர் சின்னத் துணித்துண்டாலை என்ரை உள்ளங்கையைத் துடைச்சார், பையைத் துடைச்சார், செருப்பைத் துடைச்சார். அதை ஒரு மெஷினுக்குள்ளை வைச்சார்.

மெஷின் கத்தத் தொடங்கிச்சு.

சிவப்பு லைட் எரியுது. அவரின்ரை முகம் மாறிப்போச்சு. திரும்பவும் துடைச்சார். திரும்பவும் கத்திச்சு. வெடிமருந்து மணந்தால் கத்திற மெஷின் எண்டு பேந்துதான் எனக்குத் தெரியும். ஆனால் அண்டைக்கே என்ரை உடம்புக்கு விளங்கிட்டுது. என்ரை ரெண்டு கையும் தன்ரைபாட்டிலை மேலை போயிட்டுது. ஒருத்தரும் தூக்கச் சொல்லேல்லை. சண்டைக் காலத்திலை ஆமிக்காரற்றை சென்றியிலை சோதனைக்குத் தூக்கிப் பழகின கை. அறுபத்திமூண்டு வயசிலை, எல்லாரும் பாக்க, கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறன். மூத்திரம் போற மாதிரி இருந்தது. மறைக்கேல்லை, அதுதான் உண்மை.

பேந்து ஒரு பெரிய ஒஃபிசர் அம்மா வந்தா. பையைக் கொட்டினா. அக்கான்ரை பொட்டலத்தைப் பிரிச்சா. வெள்ளைத் தூள்! அவ என்னைப் பாத்தா, தூளைப் பாத்தா, ஏதோ கேட்டா. எனக்கு இங்கிலிஸ் வராது. "சாமி, சாமி" எண்டுதான் வாயிலை வந்தது. அங்காலை பிளேனுக்கு ஆக்கள் ஏறி முடியப் போகினம். மூண்டாம் தரமும் மெஷின் கத்திச்சு.

அப்பதான் நான் கூப்பிட்டன். மனசுக்குள்ளை இல்லை, வாய்விட்டுத்தான். "முருகா! நான் உன்னோடை கோவம். அது வேறை. அதைப் பேந்து கதைப்பம். இப்ப என்ரை பிள்ளையைப் பாக்க விடு!"

இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு நான் கும்பிட்ட கும்பிடு அதுதான். மந்திரமுமில்லை, தேவாரமுமில்லை. சண்டை.

பக்கத்திலை நிலம் துடைச்சுக்கொண்டிருந்த மனிசி ஒராள் துடைக்கிற தடியை விட்டிட்டுத் திரும்பினா. ஐம்பது வயசு இருக்கும். மேசையிலை கிடந்த திருநீறைப் பாத்தா. என்ரை முகத்தைப் பாத்தா. "மொகத தாத்தே?" எண்டா. என்னப்பா பிரச்சினை எண்டு, சிங்களத்திலை. பேந்து பொட்டலத்தைக் காட்டிக் கேட்டா, "கதரகம தெய்யோ?"

கதிர்காமக் கடவுள். எங்கடை முருகன்தான். சிங்களச் சனம் அப்பிடித்தான் சொல்லுவினம்.

நான் "ஓம், ஓம்" எண்டு தலையாட்டினன். எனக்கு அழுகை வந்திட்டுது. வெங்காயம் ஏத்த வாற லொறிக்காரரோடை கதைச்சுப் பழகின அரைகுறைச் சிங்களம் கொஞ்சம் இருந்தது. தோட்டம், வெங்காயம், மகள், கண் எண்டு உடைஞ்சு உடைஞ்சு சொன்னன். அவ என்ரை கையைப் பிடிச்சு மணந்து பாத்தா. செருப்பைப் பாத்தா. வார் தைச்ச இடத்திலை எங்கடை செம்மண்ணும் வெள்ளைக் குறுணியும் ஒட்டிக் கிடந்தது. "பொஹொர!" எண்டா. பசளை! யூரியாவும் அந்த மெஷினுக்கு வெடிமருந்து மாதிரித்தான் மணக்குமாம்.

பேந்து அவ ஒஃபிசர் அம்மாவோடை கதைச்சா பாருங்கோ. அரபிலையோ இங்கிலிஸிலையோ, ரெண்டையும் கலந்தோ தெரியாது. கையாலை விதைச்சுக் காட்டினா. தன்ரை கண்ணைத் தொட்டுக் காட்டினா. தன்ரை வேலைக்கு என்ன வருமோ எண்டு கூட யோசிக்கேல்லை. ஒஃபிசர் அம்மா என்ரை போனைத் தரச் சொன்னா. படங்களைத் தள்ளித் தள்ளிப் பாத்தா. வெங்காயம். வெங்காயம். பூத்த வெங்காயம். அழுகல் பிடிச்ச வெங்காயம். ஒரு நாப்பது படம் வெங்காயமாத்தான் போச்சு. அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்திட்டுது. பேந்து ஒரு படத்திலை கை நிண்டுது. என்ரை மகள், பேரனைத் தூக்கி வைச்சுக்கொண்டு.

அந்த அம்மா போனைத் திருப்பி என்ரை கையிலை தந்தா.

அவையின்ரை சட்டம் சட்டம்தான். மேலிடத்துக்குப் போன் எடுத்துக் கதைச்சினம், உடம்பு முழுக்கத் தடவிப் பாத்தினம், பையிலை ஒவ்வொரு மடிப்பையும் பிரிச்சினம், என்னைச் சவுக்காரம் போட்டுக் கை கழுவப் பண்ணித் திரும்பத் துடைச்சினம். மெஷின் பேசாமல் இருந்தது. செருப்பு மட்டும் உள்ளை வராது எண்டு சொல்லிச்சினம். அது போனால் போகட்டும். திருநீறைக் கொஞ்சம் எடுத்துச் சோதிச்சிட்டு, பொட்டலத்தைப் பழையபடி மடிச்சு, ரெண்டு கையாலையும் தந்தா அந்த ஒஃபிசர் அம்மா.

சிங்கள மனிசியிட்டைப் பேரைக் கேட்டன். சோமாவாம். மொனராகலைப் பக்கமாம். "பய வெண்ட எபா, தாத்தே" எண்டா. பயப்பிடாதைங்கோ அப்பா எண்டு. நான் பொட்டலத்தை விரிச்சு நீட்டினன். அவ ஒரு விரலாலை தொட்டு நெத்தியிலை பூசினா. பேந்து என்ரை நெத்தியிலையும் பூசிவிட்டா. வெறுங்காலோடை நான் பிளேனுக்குள்ளை ஏறினன். எனக்குப் பின்னாலை கதவைச் சாத்திச்சினம்.

புதன் பின்னேரம் மருமோன் என்னை நேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். வெயில் நல்லா இருந்தது. பிள்ளை கட்டிலிலை சாய்ஞ்சிருந்தாள். மெலிஞ்சு போனாள். என்னைப் பாத்தாள். தலை, முகம், நெத்தி, சேட்டு எண்டு மேலையிருந்து மெதுமெதுவாப் பாத்துக்கொண்டு வந்தாள். பக்கவாட்டுப் பார்வை இல்லாததாலை தலையைத் திருப்பித் திருப்பித்தான் பாக்கவேணும். கால் வரைக்கும் வந்து நிண்டாள்.

"அப்பா... செருப்பு எங்கை?"

நான் நடந்ததைச் சொன்னன். பிள்ளை சிரிச்ச சிரிப்பிலை பக்கத்துக் கட்டில் வெள்ளைக்காரி எட்டிப் பாத்தா. சிரிச்சுச் சிரிச்சு, பேந்து என்ரை கையைப் பிடிச்சு அழுதாள். "காணும் அப்பா, உங்கடை முகத்தைப் பாத்திட்டன். இனி என்னெண்டாலும் பரவாயில்லை" எண்டாள். நான் திருநீறைப் பூசிவிட்டன். ஒருத்தருக்கொருத்தர் முகத்தைப் பாத்துக்கொண்டு இருந்தம்.

வியாழன் சத்திரசிகிச்சை ஏழு மணித்தியாலம். கட்டி முழுசா எடுபட்டுது. நல்ல கட்டிதான், பயமில்லை எண்டு சொல்லிச்சினம். வலக்கண் நல்லாத் தெரியுது. இடக்கண்ணிலை ஓரம் இன்னும் மங்கல், அது அப்பிடியேதான் இருக்கும் போலை. நான் கூட்டிச் சொல்லேல்லை. முருகன் செய்ததைச் செய்த அளவுக்குத்தான் சொல்லுறன்.

ஊருக்கு வந்த அடுத்த வெள்ளி நான் கோயிலுக்குப் போனன். சனம் என்னை வினோதமாப் பாத்துது. பாக்கட்டும். அர்ச்சனைக்கு மகளின்ரை பேரும் நட்சத்திரமும் சொன்னன். பேந்து "சோமா" எண்டன்.

ஐயர் கேட்டார், "என்ன நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா."

"ராசி?"

"அதுவும் தெரியாது. சிங்கள மனிசி. நிலம் துடைக்கிறவ."

ஐயர் ஒருக்கா என்னைப் பாத்தார். "அப்ப சுவாமி பேருக்குச் செய்யட்டே?" எண்டார்.

"இல்லை ஐயா. அவவின்ரை பேருக்குத்தான் வேணும்" எண்டன். பழைய கோவம் கொஞ்சம் எட்டிப் பாத்திட்டுது. அவர் சிரிச்சுக்கொண்டு உள்ளை போனார். மூலஸ்தானத்திலை அவவின்ரை பேர் கேட்டுது. அண்டைக்கிருந்து எல்லா வெள்ளியும் கேக்குது. அந்த மலையாளப் பிள்ளையின்ரை பேரைக் கேக்காமல் கத்தின பாவத்துக்கு, அவளுக்கு மட்டும் சுவாமி பேரிலைதான் செய்யவேண்டிக் கிடக்கு.

என்ரை அயலிலை ஒராள் கேட்டார். மகளைக் காப்பாத்தின முருகன், அப்ப உன்ரை மனிசியை ஏன் விட்டவன்? நல்ல கேள்விதான். மறுமொழி எனக்குத் தெரியாது. பேந்து கதைப்பம் எண்டு முருகனுக்குச் சொன்னனான் அல்லோ, அதைத்தான் கதைச்சுக்கொண்டிருக்கிறன். இருபத்திரண்டு வருஷம் படலைக்கு இஞ்சாலை நிண்டு கேட்டன். இப்ப அவனுக்கு முன்னாலை நிண்டு கேக்கிறன்.

மனத்தாங்கலோடை வீட்டிலை இருக்கிற ஆக்கள் எங்கடை ஊரிலை கனபேர் இருக்கிறியள். எனக்குத் தெரியும். கோவம் தீர்ந்து பேந்து வருவம் எண்டு இருக்காதைங்கோ. கோவத்தோடையே வாங்கோ. வெள்ளிக்கிழமை பின்னேரப் பூசைக்கு நான் கோயில் வடக்கு வீதிப் பக்கம் நிப்பன். எனக்குப் பக்கத்திலை இடம் இருக்கு.