என் வீட்டுக்காரர் தூக்க மறுத்த குழந்தை

என் வீட்டுக்காரர் சவரிராஜுக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாரைக் கேட்டாலும் உண்மையைச் சொல்வார்கள். முப்பது வருஷம் பள்ளி வேன் ஓட்டியவர். ஒரு பிள்ளை பெல்ட் போடாவிட்டாலும் வேன் நகராது, பள்ளிக்கூட மணி அடித்தாலும் சரி.

போன வருஷம் அவருக்குச் சாப்பாடு குறைந்தது. நாலு வாய் உண்டதுமே இடது விலாவுக்குக் கீழே நிறைந்துவிட்டது என்பார். என் சமையல் அலுத்துவிட்டதா என்று நான் சண்டைக்குப் போனேன். மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தால் மண்ணீரல் வீங்கியிருந்தது. லிம்ஃபோமா, நிணநீர்ப் புற்றுநோய், ஆனால் மெதுவாக வளரும் வகை என்றார் டாக்டர். கூடவே ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் சி என்ற கிருமி. கல்யாணத்துக்கு முன்பு, எண்பத்தாறில், கப்பல் பட்டறையில் கால் நசுங்கி இவருக்கு நாலு பாட்டில் ரத்தம் ஏற்றியிருந்தார்கள். அப்போது அந்தக் கிருமியை யாரும் கண்டுபிடிக்கவே இல்லை, சோதனை எங்கிருந்து வரும்? அந்த வழியாக வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

அந்த டாக்டர் நல்ல மனுஷி, பொறுமையாக விளக்கினார். கிருமி வருஷக்கணக்கில் உடம்பில் தங்கிவிட்டால், அதை எதிர்க்கிற அணுக்கள் ஓயாமல் பெருகுமாம். பெருகும்போது எப்போதாவது ஒன்று தடம் மாறி, புற்றாகிவிடுமாம். கிருமி இருக்கிற எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. முதலில் பன்னிரண்டு வாரம் மாத்திரை கொடுத்துக் கிருமியை ஒழிப்போம், இந்த வகையில் பலருக்கு அதோடு புற்றும் அடங்குகிறது, அடங்காவிட்டால் வேறு மருந்து இருக்கிறது என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவர் காதில் விழுந்தது கிருமி என்ற ஒரே வார்த்தைதான்.

அதே மாதம் செங்காங்கில் என் தம்பி மகன் வேய்னுக்கும் அவன் மனைவி ரெனீக்கும் பெண் குழந்தை பிறந்தது. ஐந்து வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. ஞானஸ்நானத்தில் சவரி மாமாதான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று இரண்டு பேரும் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். வேய்ன் ஒன்றாம் வகுப்பிலிருந்து இவர் வேனில் போய் வந்தவன். இவரோ, வயதாகிவிட்டது, வேறு ஆளைப் பார் என்று போனிலேயே முடித்துக்கொண்டார். குழந்தையைப் பார்க்கக்கூடப் போகவில்லை. வேய்ன் என்னிடம், மாமாவுக்கு எங்க மேல கோபமா அத்தை என்று கேட்டபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டிலும் கூத்துதான். கொரோனா நேரத்தில் வாங்கி மிஞ்சிய மாஸ்க்கை மாட்டிக்கொண்டார். தனித் தட்டு, தனி டம்ளர், படுக்கை ஹாலில். மாதா கோவிலில் பூசையின்போது சமாதானம் சொல்ல யாராவது கை நீட்டினால், இவர் கை பாக்கெட்டுக்குள் போய்விடும். நோய் வந்தால் மனுஷனுக்கு இவ்வளவு திமிரா என்று நானும் முறைத்துக்கொண்டே திரிந்தேன். ஒரு மத்தியானம் பார்த்தால், தன் தட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அவித்துக்கொண்டிருக்கிறார். பிடித்து உலுக்கினேன்.

"கிருமியாலதான் கேன்சர்னு டாக்டரே சொன்னாங்கல்ல. பச்சப் புள்ளைக்கு நான் எதுக்கு அதைக் கொடுக்கணும்?"

மறுநாளே கிளினிக்குக் கையோடு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே விசாலாட்சி என்று ஒரு நர்ஸ், சின்னப் பெண். எல்லாவற்றையும் சிரிக்காமல் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"இது கொரோனா மாதிரி காத்துல பரவாது அங்கிள். ரத்தத்துல ரத்தம் கலந்தாதான். குழந்தையைத் தாராளமா தூக்கலாம் லா. ஷேவிங் பிளேடு, டூத் பிரஷ் மட்டும் யாருக்கும் கொடுக்காதீங்க."

புற்றுநோயும் தொற்றாது என்றாள். இவர் தலையாட்டினார், ஆனால் எழுந்திருக்கவில்லை. கடைசியில் என் பக்கம் கையைக் காட்டி, "அப்ப இவளுக்கு?" என்றார்.

முப்பத்துநாலு வருஷக் குடித்தனம். கணவன் மனைவிக்குள் பரவுவது அபூர்வம், ஆனாலும் பார்த்துவிடலாம் என்று என் ரத்தத்தை எடுத்தாள். முடிவு வர ஐந்து நாள். ஐந்து நாளும் இவர் கஞ்சியைத் தவிர எதையும் தொடவில்லை. விசாலாட்சி போன் செய்து எனக்கு ஒன்றுமில்லை என்றதும், சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார்.

"சாவுறதுக்குப் பயப்படல பிலோ. உனக்குக் கொடுத்துட்டேனோன்னுதான்."

இதை ஒரு வார்த்தை என்னிடம் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கண்டபடி திட்டினேன். திட்டத் திட்ட எனக்கும் அழுகை வந்துவிட்டது. அப்புறம் இவர் போனை எடுத்து வேய்னிடம் எல்லாவற்றையும் தானே சொல்லி, ஞானத்தகப்பனாக நிற்கவும் சம்மதித்தார்.

மண்ணீரல் கதையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பன்னிரண்டு வாரம் மாத்திரை முடிந்து, அதற்கு மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ரத்தத்தில் கிருமி இல்லை. மண்ணீரலும் பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. முழுசாகக் குணம் என்று டாக்டர் சொல்லவில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள் என்றார். போய் வருகிறோம்.

ஞானஸ்நானம் நடந்தபோது இதெல்லாம் தெரியாது, மாத்திரையில் ஆறாவது வாரம்தான். குழந்தையின் நெற்றியில் சிலுவை போடச் சொன்னார் சாமியார். வேய்ன் போட்டான், ரெனீ போட்டாள். இவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே நின்றார். ரெனீ காத்திருக்கவில்லை. "பிடிங்க மாமா" என்று குழந்தையை அவர் கையில் வைத்துவிட்டாள். கோணலாக ஒரு சிலுவை போட்டார். தலையில் தண்ணீர் பட்டதும் பிள்ளை கோவிலே அதிர வீறிட்டது. இவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து எத்தனையோ மாதமாயிற்று.

விருந்தில் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டு முடித்துவிட்டார்கள், இவர் தட்டு அப்படியே இருந்தது. பால் கொடுக்க வேண்டும் என்று ரெனீ கையை நீட்டினாள். இவர் குழந்தையோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் ரெண்டு மாசம் லேட்டும்மா. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கட்டும்."