கூப்பிட்டும் திரும்பாதவள்

கோணேஸ்வரிக்குக் கோபம் வந்தால் வாய் திறக்கமாட்டாள், பாத்திரம் கழுவுவாள். 1997ஆம் ஆண்டு ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் இருந்த தன் அப்பார்ட்மென்ட் குசினியில், ஏற்கெனவே கழுவி அடுக்கியிருந்த பாத்திரங்களையும் இறக்கி மறுபடி தேய்த்தாள். தேத்தண்ணி கேட்க எழுந்த புருஷன் அன்புராசா, சட்டிகள் மோதுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பவும் கதிரையில் உட்கார்ந்துகொண்டான்.

அன்று காலை அவள் முதன்முறையாகக் கைத்துப்பாக்கிப் போட்டி ஒன்றில் இறங்கி, பாதியிலேயே வெளியேற்றப்பட்டிருந்தாள். அதற்குக் காரணம் இரண்டு பேர். ஒருவர் அன்புராசாவின் தமையன் சச்சிதானந்தன். மற்றவள் அவளேதான். தமையன்மேல் வந்த கோபத்தைச் சட்டிகள் தாங்கின. தன்மேல் வந்த கோபத்தை எதிலே தேய்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இந்த விளையாட்டை அவளுக்குக் காட்டியவள் கிளடிஸ். கார்க் கதவுப் பூட்டுகள் செய்கிற தொழிற்சாலையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின். கிளடிஸ் சனிக்கிழமைகளில் றிச்மண்ட் ஹில்லுக்கும் வடக்கே ஒரு கழகத்துக்குப் போய்க் கைத்துப்பாக்கி சுடுவாள். ஒருநாள் வேடிக்கை பார்க்க வா என்று கூப்பிட்டாள். கோணேஸ்வரி போனாள், பார்த்தாள், அடுத்த கிழமையும் போனாள். பிறகு பாதுகாப்பு வகுப்பு, பரீட்சை, பொலிஸ் விசாரணை என்று ஒவ்வொரு படியாக ஏறி, தனக்கென்று ஒரு பழைய ஒன்பது மில்லிமீற்றர் பிஸ்டலையும் வாங்கிவிட்டாள். அது வீட்டில் பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. கழகத்துக்குப் போகும்போது மட்டும் பெட்டியோடு காரின் பின்பக்கம் ஏறும்.

எங்கள் சனத்துக்குத் துவக்கு என்றால் ஒன்றில் வீரக்கதை, இல்லாவிட்டால் ஒப்பாரி. விளையாட்டு என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. ஆரைச் சுடப் போகிறாய் என்று கடையில் கேட்டார்கள். புருஷனோடு ஏதும் பிரச்சினையோ என்று கோயிலில் கேட்டார்கள். உண்மையான காரணத்தை அவள் ஒரேயொரு ஆளுக்குத்தான் சொன்னாள். அது அவளுடைய அக்கா பாலேஸ்வரி. அக்காவுக்குச் சொல்லவே தேவையில்லை. அக்காவும் அந்த இடத்தில் நின்றவள்.

கனடாவுக்கு வர முன்னம், திருகோணமலையில், சந்தைக்குப் போய் வருகிற வழியில், சோதனைச் சாவடி. இவர்களுடைய பையைக் கிண்டிக்கொண்டு நின்ற ஆமிக்காரப் பொடியனை, பின்னாலிருந்து இன்னொருவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். இவன் சடாரென்று திரும்பினான். இடுப்பில் பிடித்திருந்த துவக்கும் அவனோடு திரும்பியது. குழல் அக்காவின் வயிற்றைக் கடந்து, தங்கையின் நெஞ்சைக் கடந்து போனது. ஒன்றும் வெடிக்கவில்லை. அவன் அதைக் கவனிக்கவுமில்லை. கூப்பிட்டவனோடு சிரித்துப் பேசினான். அவன் கவனிக்காததுதான் கோணேஸ்வரியின் மனதில் கிடந்து புழுங்கியது. அந்த நேரம் அவனுடைய விரல் எங்கே இருந்தது, துவக்கில் சன்னம் இருந்ததா, என்று ஒன்றும் தெரியாமல் மரம் மாதிரி நின்றதை நினைத்தால் கனடாவிலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கையில் எடுத்துப் பார்த்து, அந்தச் சாமானை முழுக்க அறிந்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி.

கழகத்தில் முதல் நாள் படித்த விதியே அவளைக் கட்டிப்போட்டுவிட்டது. குழல் எப்போதும் முன்னால் இருக்கிற மண்மேட்டைத்தான் பார்க்க வேண்டும். ஓடினாலும், குனிந்தாலும், மகசின் மாற்றினாலும் அப்படித்தான். மேட்டைப் பார்த்து நிற்கிறவரின் இரண்டு பக்கமும் நீளுகிற கோட்டைத் தாண்டிக் குழல் பின்னால் வந்தால், வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும், அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. சீமானுக்கும் அதுதான், கூலிக்காரனுக்கும் அதுதான். அதற்கு முந்திய மாதம் கழகத் தலைவரையே வெளியே அனுப்பியிருந்தார்கள். உலகத்தில் இப்படி ஒரு விதி இருக்கிறது என்று அறிந்தபோது, அதை இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். கூடவே கோபமும் வந்தது: இது தெரியாதவர்களிடமா இத்தனை காலம் துவக்கைக் கொடுத்து எங்களுக்கு முன்னால் நிறுத்தினார்கள்?

அந்த விதியைத்தான் அவள் முதல் போட்டியிலேயே உடைத்தாள்.

சச்சிதானந்தனிடம் ஒரு வீடியோக் கமரா இருந்தது. ரொறன்ரோவில் சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள், சாமத்தியவீடு எதுவும் அவருடைய கமராவுக்குத் தப்பாது. அன்றைக்கும் கேட்காமலே வந்து, பார்வையாளர் கோட்டுக்குப் பின்னால் நின்று எடுத்துக்கொண்டிருந்தார். கோணேஸ்வரி பலகைத் தடுப்புகளுக்குப் பின்னால் மறைந்து மறைந்து, மட்டை உருவங்களைச் சுட்டுக்கொண்டு போனாள். வெள்ளை மட்டை அப்பாவி, அதில் படக்கூடாது. மெதுவாகத்தான் சுட்டாள், ஆனால் பிழைவிடவில்லை. மூன்றாவது தடுப்பில் நின்று மகசின் மாற்றும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"கோணேஸ், இஞ்சை ஒருக்காப் பாரும். முகம் விழேல்லை."

கோயிலில் மைக் இல்லாமல் அறிவிப்புச் செய்கிற குரல் அவருடையது. காதுக்கவசம் அதற்கு ஒரு பொருட்டில்லை. கோணேஸ்வரி திரும்பினாள். யோசித்துத் திரும்பவில்லை. மூத்தவர் கூப்பிட்டால் முகம் கொடுத்துப் பதில் சொல்ல வேண்டும் என்று சின்னவயதில் தலையில் குட்டிப் பழக்கிய பழக்கம் கழுத்தைத் திருப்பியது; கழுத்தோடு தோள் திரும்பியது; தோளோடு பிஸ்டல் திரும்பியது. "ஓம் அத்தான்" என்ற சொல் வாயை விட்டுக்கூட வெளியே வரவில்லை. நடுவர் றொபேட் "ஸ்ரொப்" என்றான்.

விரல் விசையில் இருக்கவில்லை. ஆனால் குழல் கோட்டைத் தாண்டியிருந்தது. றொபேட் அவளைக் கொண்டு சன்னங்களை இறக்குவித்து, குழல் வெறுமையா என்று பார்த்து, உறையில் வைக்கச் சொல்லிவிட்டு, இன்றைக்கு இவ்வளவுதான் என்று அமைதியாகச் சொன்னான். அவன் ஏசியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பின்னால், குழல் திரும்பிய பக்கத்தில், அன்புராசா, தேத்தண்ணிப் போத்தலோடு கிளடிஸ், பெயர் தெரியாத நாலைந்து பேர். அந்த ஆமிக்காரப் பொடியன் செய்ததைத்தான் நானும் செய்தேன் என்று நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது. இன்னொன்றையும் றொபேட் சொன்னான். புது உறுப்பினருக்கு முதல் வருசம் பரீட்சை வருசம். இன்னொருமுறை வெளியேற்றப்பட்டால் கழகம் அவளைச் சேர்த்துக்கொள்ளாது.

சச்சிதானந்தன் சும்மா இருக்கவில்லை. அந்த வீடியோ ரேப்பை வீடு வீடாகப் போட்டுக் காட்டினார். அவள் திரும்புகிற இடத்தில் நிற்பாட்டி, "பாருங்கோ, உவள் என்னைச் சுடத் திரும்பினவள்" என்பார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். பிறம்ரனில் ஒரு பிறந்தநாள் வீட்டில், கேக் வெட்டி முடிய, கோணேஸ்வரி சாப்பாட்டுக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும்போதே அதைப் போட்டார். அவள் எழும்பிக் குசினிக்குள் போய், அந்த வீட்டுக்காரியின் பாத்திரங்களைக் கழுவினாள்.

அடுத்தநாள் அதே கட்டிடத்து மேல்மாடியில் குடியிருந்த அக்காவை இறங்கி வரச் சொன்னாள். கையில் பிஸ்டலுக்குப் பதிலாக அகப்பையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். பின்னால் நின்று கூப்பிடுவதுதான் அக்காவின் வேலை.

பாலேஸ்வரி தொடங்கினாள். கறி அடிப்பிடிக்குது என்றாள். கோணேஸ்வரி திரும்பினாள். லான்ட்லோட் வந்து நிற்கிறான் என்றாள். திரும்பினாள்.

"எடி கோணேஸ், தலையிலை பல்லி."

திரும்பியதோடு குனிந்தும்விட்டாள். பிறகு நிமிர்ந்து, அகப்பையை மேசையில் அடித்தாள்.

"கனடாவிலை எங்கையக்கா பல்லி?"

"அது உனக்குத் தெரியுது. உன்ரை கழுத்துக்குத் தெரியேல்லையே."

அந்தக் கழுத்தை அவள் வெறுத்தாள். அது எத்தனை பேருக்குத் திரும்பியிருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தாள். சுப்பவைசர் ஒரு விரலைச் சொடுக்கினால் திரும்பும். மாமி இருமினால் திரும்பும். யாராவது "பிள்ளை" என்று வேறு யாரையோ கூப்பிட்டாலும் திரும்பும். ஆடி முழுக்க அக்கா பின்னால் நின்று கூப்பிட்டாள். தங்கை அகப்பையோடு நின்றாள். வாய் பதில் சொல்லலாம், உடம்பு அசையக்கூடாது. "சொல்லுங்கோ, கேக்குது" என்று சுவரைப் பார்த்துச் சொல்லப் பழகினாள். ஆவணி பிறந்தபோது, அக்கா சட்டியைத் தூக்கி நிலத்தில் போட்டாலும் அகப்பை ஆடவில்லை.

பழகியது வீட்டோடு நிற்கவில்லை. சுப்பவைசர் பின்னாலிருந்து கத்தியபோது, ஓடுகிற மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. கிளடிஸுக்கு நன்றாகப் பிடித்தது. பிறகு றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில், தீபாராதனை நேரம், சச்சிதானந்தன் பின்னாலிருந்து கூப்பிட்டார். "கேக்குது அத்தான், தீபம் முடியட்டும்" என்று கைகூப்பியபடியே சொன்னாள். அவ்வளவுதான். பத்துப் பேருக்கு முன்னால் தன் தம்பி பெண்சாதி தனக்கு முதுகைக் காட்டிப் பேசிவிட்டாள் என்று அவர் கொதித்துப் போனார். அவளை மறுபடி திருப்பிக் காட்டுகிறேன் என்று யாரிடமோ சொன்னாராம்.

புரட்டாதியில் அவளுடைய இரண்டாவது போட்டி. அது எந்த நாள் என்று ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று அன்புராசாவிடம் படித்துப் படித்துச் சொன்னாள். அவன் தமையனிடம் சொல்லிவிட்டான். கேட்டதற்கு, அண்ணை கேட்கும்போது எப்படி மறைக்கிறது என்றான். காலையில் அவர் இரண்டு கூட்டாளிகளோடும் கமராவோடும் வந்து இறங்கியபோது, கழுவ ஒரு பாத்திரமும் இல்லாமல் கோணேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு தன் பெல்ட்டை இறுக்கினாள்.

நேரம் கணக்கெடுக்கிற ரைமர் கூவியது. முதல் தடுப்பு, இரண்டாவது தடுப்பு. வெள்ளை மட்டை ஒன்று மற்றதுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றது. பார்த்து விலத்திச் சுட்டாள். மூன்றாவது தடுப்பில் மகசின் மாற்றும் நேரம், அவள் எதிர்பார்த்தபடியே அந்தக் குரல் வந்தது. முதலில் பெயர் மட்டும் வந்தது. அவள் அசையவில்லை. முகம் விழேல்லை என்று வந்தது. அசையவில்லை. கூட்டாளிகள் சிரிப்பது கேட்டது. பிறகு அது வேறு மாதிரி வந்தது.

"கோணேஸ்! அன்பு விழுந்திட்டான்! நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்திட்டான்!"

அக்கா இதைக் கூப்பிட்டுப் பழக்கவில்லை. கோணேஸ்வரியின் முதுகு முழுக்க விறைத்தது. கைகள் மண்மேட்டைப் பார்த்தபடியே நின்றன. சுடுவதை நிறுத்தினாள். மகசினை இறக்கினாள். குழலுக்குள் இருந்த சன்னத்தை வெளியே தட்டினாள். றொபேட் குனிந்து வெறுமை பார்த்தான். உறைக்குள் வைத்தாள். அவன் கையைத் தூக்கி, எல்லாம் பாதுகாப்பு என்று அறிவித்தான். அதன் பிறகுதான் திரும்பினாள், திரும்பியதும் ஓடினாள்.

அன்புராசா மடக்குக் கதிரையில் ஒரு கையில் பாதி கடித்த றோல்ஸோடு இருந்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சச்சிதானந்தன் கமராவைக் கண்ணில் வைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். கோணேஸ்வரி அவருக்கு நேரே போய், கமராவுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனாள்.

"இப்ப முகம் விழுதோ அத்தான்? வடிவா எடுங்கோ."

"சும்மா ஒரு பகிடிக்கு…"

"துவக்கோடை நிக்கிறவளைத் திருப்பிப் பாக்கிறது பகிடியோ? நான் திரும்பியிருந்தா குழல் உங்கடை நெஞ்சிலைதான் நிண்டிருக்கும். அது எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது."

அவர் கமராவை இறக்கினார். றொபேட்டுக்கு விசயம் விளங்க நேரம் எடுக்கவில்லை, கிளடிஸ் சொல்லிவிட்டாள். அவன் மூன்று பேரையும் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். கோணேஸ்வரி பாதியில் நிறுத்தியதால் மிச்சம் இருந்த மட்டைகள் எல்லாம் தவறவிட்டதாகக் கணக்கு. அன்றைக்கு அவள்தான் கடைசி. ஆனால் அவளை வெளியேற்றவில்லை. பரீட்சை வருசத்தில் அவளுடைய பெயர் நின்றது.

இப்போது ஊருக்குள் கதை மாறிவிட்டது. புருஷன் விழுந்தான் என்று கூப்பிட்டும் திரும்பாத கல்நெஞ்சுக்காரி என்று சச்சிதானந்தன் சொல்லித் திரிகிறாராம். ரேப்பை மட்டும் ஒருவருக்கும் காட்டுவதில்லையாம்.

போட்டியன்று வீட்டுக்கு வருகிற வழியில் அன்புராசாதான் கார் ஓட்டினான். 401 நெடுஞ்சாலைக்கு ஏறியபிறகு, றோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"நான் உண்மையா விழுந்திருந்தா?"

"உண்மையா விழுந்திருந்தாலும் முதல் துவக்கை வச்சிட்டுத்தான் வந்திருப்பன். கையிலை அதோடை ஓடி வந்து உங்களைத் தூக்கிறதோ?"

அவன் யோசித்தான். சரிதான் என்று தலையாட்டினான். பிறகு, மெதுவாக, அடுத்தமுறையும் அண்ணை வரக்கூடும் என்றான்.

"வரட்டும்," என்றாள் கோணேஸ்வரி. அவளுக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. "என்ரை முதுகை எடுத்துக்கொண்டு போகட்டும்."