கார்கோவில் வந்த சைக்கிள்

கார்கோ பெட்டியைச் சுற்றியிருந்த டேப்பை வாப்பா கத்தியால் கிழித்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினைந்து பேராவது இருந்திருப்போம். சவுதியை முடித்துக்கொண்டு மொத்தமாக ஊர் திரும்புகிறவரின் பெட்டியைப் பார்க்க எங்கள் கடற்கரை ஊர்களில் சொந்தபந்தம் எல்லாம் கூடிவிடும். மேலே கம்பளி, அத்தர், பால்பவுடர் டின்கள். அடியில் இரண்டு சக்கரங்கள், ஒரு ஹேண்டில் பார், நீலப் பெயிண்ட் உரிந்த ஒரு ஃபிரேம். அரபி வீட்டில் கார் ஓட்டுகிறார் என்று பத்து வருடமாக நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், ஒரு பழைய மவுண்டன் சைக்கிளைக் கழற்றிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். “இதுலதான் பக்காலாவுல இருந்து வீடு வீடாச் சாமான் கொண்டு போய்க் குடுத்தேன்” என்றார், எல்லோர் முன்னாலும். பக்காலா என்றால் அங்கே மளிகைக்கடை. கார் அவர் ஓட்டவே இல்லை.

அப்போது எனக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள், டிரைவர் மகள் என்று சொல்லித்தான். “நிக்காஹ் முடியிற வரைக்கும் அதக் கொல்லையில போட்டு மூடி வைங்க” என்று உம்மா அழுதார். நானும் அழுதேன். வாப்பா மறுநாளே சைக்கிளின் பாகங்களைப் பொருத்தி, கடைத்தெரு வழியாக அதில் ஏறி ஜும்ஆ தொழுகைக்குப் போனார். கேட்டவர்களிடம் எல்லாம் உள்ளதைச் சொன்னார். “பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு மவளே. ஒன்னயும் அந்தப் பொய்யோட சேத்துக் கட்டிக் குடுக்க மாட்டேன்” என்றார் என்னிடம். மாப்பிள்ளை வீட்டார் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் போல. இரண்டு வருடம் நான் வாப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு என்னைக் கட்டியவர் சைக்கிள் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வந்தார். அப்போதுகூட, செய்தது சரி என்று வாப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டேன். வாப்பா மௌத்தாகி அடக்கமாகிப் பல வருடங்கள் ஆகின்றன.

இப்போது என் மகன் துபாயில் இருக்கிறான். கம்பெனியில் சூப்பர்வைசர் என்கிறான். வீடியோவில் பேசினால் முகத்துக்குப் பின்னால் எப்போதும் வெள்ளைச் சுவர்தான். அவன் வண்டியில் சாப்பாடு டெலிவரி செய்கிறான் என்பது அவன் கூட்டாளியின் மனைவி சொல்லி எனக்குத் தெரியும். அவனுக்குப் பெண் பார்த்திருக்கிறோம். பெண் வீட்டிலும் என் மச்சி, என் வீட்டுக்காரரின் தங்கை, சூப்பர்வைசர் என்றே சொல்லி வைத்துவிட்டாள். அவனே வாய் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது எனக்கு. எப்படிக் கேட்பதென்றுதான் தெரியவில்லை.

ஒருநாள் கொல்லையில் கிடந்த சைக்கிளை ஆட்டோவில் ஏற்றி ராமநாதபுரம் கொண்டுபோனேன். உப்புக்காற்று செயினையும் பிரேக் கம்பியையும் தின்றிருந்தது. “அக்கா, இத இரும்புக் கடையிலதான் போடணும்” என்றார் மெக்கானிக். “அது என் பாடு. நீங்க என்னென்ன மாத்தணும்னு சொல்லுங்க” என்றேன். புது டயர், செயின், பின்பக்கப் பல்சக்கரம், பிரேக், பெடல் எல்லாம் போட்டார். கேரியரும் மட்கார்டும் பெல்லும் வேண்டும், புர்கா சிக்காமல் இருக்கச் செயின் கவரும் வேண்டும் என்றதும் அவருக்குத் தாங்கவில்லை. “இந்த மாதிரி வண்டிக்கு இதெல்லாம் மாட்ட மாட்டாகக்கா. அசிங்கமா இருக்கும்.” “ஓட்டப்போறது நானு. மாட்டுங்க” என்றேன். பெயிண்ட் மட்டும் அடிக்கவிடவில்லை. முன்னால் சாமான் கூடை உரசி உரசித் தேய்ந்த இடம் அப்படியே தெரிந்தது. அது தெரியட்டும் என்றேன்.

நாற்பத்தெட்டு வயதில், புர்காவை இழுத்துச் செருகிக்கொண்டு, வாப்பா போன அதே கடைத்தெரு வழியாக ஓட்டினேன். டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். கண் வலிக்கிற மட்டும் பார்க்கட்டுமே, எனக்கென்ன! சைக்கிளோடு ஒரு படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன். “ஒன் நன்னா பக்காலாவுல சாமான் குடுத்த சைக்கிள். புதுசாக்கிட்டேன். ஊரே பாக்க ஓட்டுறேன்” என்று மட்டும் எழுதினேன். என் வாப்பா அவனுக்கு நன்னா.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வீடியோவில் வந்தான். சுவர் இல்லை. வெயில், நடுரோடு, தலையில் ஹெல்மெட், பின்னால் சாப்பாட்டுப் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள். முகமெல்லாம் வேர்வை.

“இதான் உம்மா என் வேலை” என்றான். “பொண்ணு வீட்டுல என்ன சொல்லுவாகளோ.”

“அப்படியே நில்லுலே, பொண்ணு வீட்டுல காட்டணும்” என்று சொல்லி, ஹெல்மெட்டும் பெட்டியும் தெரிய அந்த முகத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டேன். பெண் வீட்டுக்குப் போக ஆட்டோ கூப்பிடவா என்று கேட்டார் என் வீட்டுக்காரர். வேண்டாம் என்றேன். போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, வாப்பாவின் சைக்கிளை எடுத்தேன்.